மீளூரில் சுவர் உரசியவள்

என் வேலை சுவரை உரசுவது.

கேலியாகச் சொல்லவில்லை. கம்பெனி கொடுத்த அட்டையில் ‘தரச் சோதனையாளர்’ என்று போட்டிருக்கும். செய்வது இதுதான்: ஒரு வீடியோ கேமுக்குள் இருக்கும் ஊரில், ஒவ்வொரு சுவரையும் தோளால் உரசியபடி இந்த முனையிலிருந்து அந்த முனைவரை நடக்க வேண்டும். எங்காவது கல்லுக்குள் கால் புகுந்தால், சுவர் வழியாக விழுந்து கேமுக்கு அடியில் இருக்கிற வெற்று வெள்ளைக்குள் போய்விட்டால், அதைப் பதிவு செய்ய வேண்டும். பிறகு அடுத்த சுவர். காலை ஒன்பதிலிருந்து மாலை ஆறு வரை. பதினோரு மாதம்.

பி.எஸ்சி. கம்ப்யூட்டர் சயின்ஸ், அரசு கலைக் கல்லூரி. எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். பெயர் ரமாபாய். அலுவலகத்தில் சேர்ந்த முதல் வாரமே மூன்று பேர் ‘நீங்க மராட்டியா?’ என்று கேட்டார்கள். இல்லை, விழுப்புரம் பக்கம் என்றேன். அப்புறம் ஏன் இந்தப் பேர் என்று ஒருத்தி கேட்டாள். இந்தப் பேரை எந்தத் தெருவில் வைப்பார்கள் என்று தெரிந்தவர்கள் கேட்கவே இல்லை. தெரிந்துகொண்ட முகத்தோடு வேறு மேசையில் போய் மதியச் சாப்பாட்டை முடித்துக்கொண்டார்கள். எனக்கு ஒன்றும் நஷ்டமில்லை. கண்ணாடி அறையில் எனக்கு ஒரு நாற்காலி, ஒரு ஹெட்போன், ஒரு மீளூர்.

மீளூர் ஒரு துறைமுக ஊர். கடல் கிடையாது. முந்நூறு வருடத்துக்கு முன்னால் அந்த ஊர் அரசன் கடலைப் பக்கத்து நாட்டுக்கு விற்றுவிட்டான் என்பது கதை. கடல் போய்விட்டது, ஊர் அப்படியே நிற்கிறது. மணலில் சாய்ந்து கிடக்கும் கப்பல்களில் குடும்பம் நடத்துகிறார்கள். வலையில் துணி காயப்போடுகிறார்கள். கலங்கரை விளக்கத்தின் கண்ணாடியை ஒருவர் தினமும் ஏறிப்போய்த் துடைக்கிறார். அங்கே எப்போதும் சாயங்காலம் நாலு மணி வெயில். இதை யோசித்தவர்கள் மூளைக்காரர்கள், ஒத்துக்கொள்கிறேன்.

அதைவிடப் பெரிய விஷயம், அந்த ஊர் மக்களுக்குத் தாங்கள் கேமுக்குள் இருப்பது தெரியும். ஆட்டக்காரன் செத்துத் திரும்பி வந்தால், “இது மூணாவது சாவு. பழகிடும்,” என்பார்கள். பூட்டிய கதவை முட்டினால், “அது திறக்காதுங்க. சும்மா வரைஞ்சது,” என்பார்கள். கம்பெனி நம்பியிருந்ததே இந்த நக்கலைத்தான்.

“யாரும் வசனம் எழுதறது இல்ல, ரமா,” என்று முதல் நாள் நவநீதன் சொன்னார். எங்கள் குழுவின் தலைவர். பெயர் சொல்லித்தான் கூப்பிட வேண்டும் என்பது அலுவலக வழக்கம். என் வாயில் ‘சார்’தான் வரும். “அவங்க கத்துக்குவாங்க. நாம பேசறதக் கேட்டு பேச்சு, நாம நடக்கறதப் பாத்து நடை. வெளியீட்டுக்கு முன்னாடி அப்படியே உறைய வச்சிடுவோம்.”

“எல்லாரும் வாத்து மாதிரி நடக்கறாங்களே சார்?”

“இப்பதானே பொறந்திருக்காங்க. விடு, பாத்துக் கத்துக்கற நடை கடைசில உறைய வைக்கும்போதுதான் வெளிய தெரியும். அதையெல்லாம் பிழைன்னு எழுதிவைக்காத.”

கேமில் மொத்தம் ஆறு ஊர். ஊருக்கு ஒரு சோதனையாளர். மற்ற ஐந்து பேரும் பிழைகளை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்தார்கள். எனக்கு ஆங்கிலத்தில் அவ்வளவு வேகம் வராது. ஒரு பிழையை எழுதிவிட்டு அது சரியா என்று நாலு தடவை படிப்பேன். நவநீதன் பார்த்துவிட்டு, “நீ பாட்டுக்கு மைக்ல தமிழ்ல சொல்லிடு, மிஷின் மாத்திக்கும்,” என்றார். நல்ல மனுஷன், அதில் குறையில்லை. ஆனால் மைக்கைத் திறந்துவிட்டவர்கள் மீளூரின் காதை மூடிவைக்க மறந்துவிட்டார்கள். நான் பேசிய ஒவ்வொரு வார்த்தையும் அந்த ஊருக்கும் கேட்டது.

இது எனக்குத் தெரிய வந்தது இரண்டாவது மாதம்.

துறைமுகத்தில் ஒரு டிக்கெட் கவுண்டர். உள்ளே நீலாயதாட்சி என்று ஒரு பெண். கடலில்லாத ஊரில் கப்பல் டிக்கெட் கிழிப்பவள். முதல் மாதம் முழுக்க என்னைப் பார்த்தால், “வணக்கம். கப்பல் வராது. டிக்கெட் உண்டு,” என்பாள். ஒரு நாள் கவுண்டருக்குப் பக்கத்துச் சுவரை உரசிக்கொண்டு போனேன். சுவரோரம் ஒட்டி நடந்தால் கேமுக்குள் என் உருவம் தானாகவே இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்துக்கொள்ளும். அப்படியே போகும்போது பின்னாலிருந்து குரல்.

“வந்துட்டியா பல்லி.”

நின்றேன்.

“யாரப் பாத்து பல்லின்னு சொன்ன?”

“இந்த ஊர்ல வேற யாரு செவுத்துலயே ஒட்டிக்கினு திரியறா? பெயிண்ட் ஏதாச்சும் மிச்சம் வை தாயே, வர்றவங்களும் பாக்கட்டும்.”

செவுத்துல. ஒட்டிக்கினு. அது என் பேச்சு. அலுவலகத்தில் நான் ஒருநாளும் பேசாத என் பேச்சு. கால் சுவருக்குள் சிக்கும்போது மட்டும் வாயில் வந்து விழுவது.

சிரித்துவிட்டேன். அந்த அலுவலகத்தில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அதுதான் முதல் முறை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

அதற்குப் பிறகு கேட்க வேண்டுமா? காலையில் உள்ளே போனதும் முதல் நிறுத்தம் கவுண்டர்தான்.

“இன்னா, மூஞ்சி தொங்குது?”

“ஹாஸ்டல்ல தண்ணி வரல.”

“எங்களுக்குக் கடலே வரல. போய் வேலையப் பாரு.”

பக்கத்து வலைக்கடைக்காரர், விளக்கு துடைப்பவர், எல்லோருமே மெல்ல மெல்ல என்னைப் போலப் பேச ஆரம்பித்தார்கள். வெடுக்கென்று, முகத்துக்கு நேராக. ஒரு ஊர் முழுக்க என் கோபத்தோடு நடமாடியது. ஊருக்குப் போன் செய்தால் அப்பா, “ஆபீசுல பேசப் பழக ஆளு கீறாங்களாம்மா?” என்று கேட்பார். இருக்காங்கப்பா என்பேன். பொய்யென்று தோன்றவில்லை.

ஏழாவது மாதத்தில்தான் நீலாயதாட்சி கேட்டாள். “ஏண்டி, ஒரு நாளப்போல செவுத்த ஒரசறியே, சலிக்கவே சலிக்காதா?”

“சலிக்காது.”

“அப்படி இன்னா ஆசை செவுத்து மேல?”

சொன்னேன். யாரிடமும் சொல்லாததை ஒரு டிக்கெட் கவுண்டரில் சொன்னேன்.

எங்கள் காலனியிலிருந்து பள்ளிக்கூடம் போக ஊர்த்தெரு வழியாகத்தான் போக வேண்டும். பள்ளியில் சேர்த்த அன்றே அப்பா சொல்லிக்கொடுத்தது: நடுவால நட, செவுத்துப் பக்கம் போவாத. மூன்றாவது படிக்கும்போது, பொங்கலுக்கு நாலு நாள் முன்னால், ஒரு வீட்டுச் சுவருக்குப் புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள். நீலம் கலந்த வெள்ளை. ஈரம் காயவில்லை. அது எவ்வளவு குளிர்ச்சியாக இருக்கும் என்று பார்க்க ஆசை. உள்ளங்கையை வைத்தேன். கை எடுத்த பிறகும் கை அங்கேயே இருந்தது.

சாயங்காலம் அப்பாவைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். அந்த ஒரு கையளவு இடத்தை மட்டும் அல்ல, முழுச் சுவரையும் திரும்ப அடிக்கச் சொன்னார்கள். சுண்ணாம்பும் நாங்களே வாங்கிவர வேண்டும். என்னைப் பக்கத்தில் நிற்க வைத்தார்கள். நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த ஒருவர், “ஏழுமல, இன்னொரு தரம் அடி. உம் பொண்ணு கை வளந்துக்கினே போவுது பாரு,” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். அப்பாவும் சிரித்தார். சிரித்துக்கொண்டே அடித்தார். சுண்ணாம்பில் வெந்த கையால் என் கையைப் பிடித்துக் கூட்டிவந்தார். அன்றிலிருந்து இன்றுவரை அதைப் பற்றி நாங்கள் ஒரு வார்த்தை பேசியதில்லை.

“இப்ப பாரு,” என்றேன் நீலாயதாட்சியிடம், “செவுத்தத் தொடறதுக்குன்னே என்ன ஏசி ரூம்ல ஒக்கார வச்சிருக்கான்.” சொல்லிவிட்டுச் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

முதலீடு செய்தவர்களில் ஆறு பேர் பத்தாவது மாதம் ஊரைப் பார்க்க வந்தார்கள். பெரிய அறை, பெரிய திரை. மீளூரின் சந்துபொந்தெல்லாம் எனக்குத்தான் தெரியும் என்பதால் ஓரமாக உட்கார வைத்திருந்தார்கள். மற்ற ஊர்களைப் பார்த்துக் கொட்டாவி விட்டவர்கள் மீளூருக்குள் வந்ததும் நிமிர்ந்தார்கள். வலைக்கடைக்காரர் ஒருவரைப் பார்த்து, “வாங்காதவங்க தள்ளி நில்லுங்க, வெயில் படட்டும்,” என்றதும் கைதட்டினார்கள். எனக்குப் பெருமைதான். பிள்ளை மேடையேறியதைப் பார்க்கிற மாதிரி இருந்தது.

பிறகு ஒருவர் துறைமுகத்துக்குப் போய், கவுண்டர் ஓரமாகச் சுவரில் சாய்ந்தார்.

நீலாயதாட்சி தலையை நீட்டினாள். “சார், செவுத்தத் தொடாதீங்க. அப்பறம் உங்க அப்பாவக் கூட்டியாந்து முழுசா வெள்ளையடிக்கச் சொல்லுவாங்க. சிரிச்சிக்கினே அடிக்கணும், அதான் கண்டிஷன்.”

அறை அதிர்ந்தது. ஒரு அம்மாள் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். ‘எங்கேயிருந்து பிடிக்கறீங்க இதையெல்லாம்?’ என்று ஒருவர் நவநீதனின் முதுகில் தட்டினார்.

நானும் சிரித்தேன். எல்லோரும் சிரிக்கும்போது என் முகமும் தானாகச் சிரித்தது. மற்ற எதையும் என்னால் மன்னிக்க முடியும். அதை முடியவில்லை.

அவர்கள் போன பிறகு நவநீதனைக் காபி மிஷின் பக்கத்தில் பிடித்தேன்.

“அந்த வெள்ளையடிக்கிற வசனத்த எடுத்துடுங்க சார்.”

“விளையாடறியா? டிரெய்லரே அதுலதான் ஆரம்பிக்கப் போகுது. மத்த அஞ்சு ஊரும் மொக்க. மீளூர் மட்டும் எப்படிக் கடிக்குதுன்னு எனக்கே புரியல.”

“எங்கிட்டேர்ந்து கத்துக்கிட்டாங்க. மைக்ல நான் பேசினதெல்லாம் அவங்களுக்குக் கேட்டிருக்கு.”

அவர் காகிதக் கோப்பையைக் கீழே வைத்தார். “மொத்தமுமா?”

“மொத்தமும். அந்த வெள்ளையடிக்கிற அப்பா, எங்கப்பா.”

 என் பெயருக்கு அர்த்தம் இப்போதுதான் புரிகிறது என்பது போலப் பார்த்தார். பிறகு தணிந்த குரலில், “அதுல பேர் எதுவும் இல்லையே ரமா. யாருக்குத் தெரியப்போகுது?” என்றார்.

“எங்கப்பாவுக்குத் தெரியும்.”

“அவர் கேம் ஆடுவாரா?”

“போன் வச்சிருக்காரு சார். எம் பொண்ணு செஞ்ச கேமுன்னு ஊரெல்லாம் காட்டுவாரு. பதினாறு வருஷமா வாயத் தொறக்காத மனுஷன், அதக் கேட்டுட்டு மறுபடியும் சிரிக்கணுமா?”

அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். “ஒரு ஜோக்க மட்டும் தனியா எடுக்க முடியாது. எல்லாம் ஒண்ணுக்குள்ள ஒண்ணு ஊறிப்போச்சு. எடுத்தா மீளூரோட பேச்சு மொத்தத்தையும் கழுவணும். பழைய ‘வணக்கம், கப்பல் வராது’தான் மிஞ்சும். அத நான் சொன்னா மேல கேக்க மாட்டாங்க. ஆனா ‘என்னோட சொந்தப் பேச்சு எடுக்கப்பட்டிருக்கு’ன்னு நீ எழுதிக் கையெழுத்துப் போட்டா, சட்டப்படி கழுவித்தான் ஆகணும்.”

“போடறேன்.”

“யோசி. பணம் போட்டவங்க மயங்கினதே அந்தப் பேச்சுலதான். உன் காண்ட்ராக்ட நீட்டிக்க மாட்டாங்க. நான் சொல்லியும் பிரயோஜனமிருக்காது.”

“தெரியும் சார்.”

“படிவம் அனுப்பறேன். நாளைக்கு மத்தியானத்துக்குள்ள குடு.”

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு மீளூருக்குள் போனேன். அதே நாலு மணி வெயில். நீலாயதாட்சி டிக்கெட் கட்டை அடுக்கிக்கொண்டிருந்தாள்.

“இன்னா பல்லி, நேத்து ஒரே கூட்டம்? எல்லாம் பெரிய இடமாட்டம் இருந்துச்சு.”

“ஏண்டி அதச் சொன்ன?”

“எத?”

“எங்கப்பா கதைய.”

“சிரிக்கறதுக்குத்தான். சிரிச்சாங்க இல்ல?”

“அது சிரிக்கற விஷயமா?”

அவள் டிக்கெட் கட்டைக் கீழே வைத்தாள். “நீ சிரிச்சிக்கினேதான சொன்ன.”

 அவள் சொன்னது சரிதான். நான் எதைச் சிரித்துச் சொல்கிறேனோ அது வேடிக்கை, எதைக் கத்திச் சொல்கிறேனோ அது கோபம் என்றுதான் அவளுக்குத் தெரியும். அழுதுகொண்டே சொல்லியிருந்தால் அழத் தெரிந்திருக்கும். அப்பா எனக்குக் கற்றுக்கொடுத்ததை நான் இவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறேன்.

“மத்தியானம் உங்க பேச்சையெல்லாம் கழுவிடுவாங்க,” என்றேன். “நான் கையெழுத்துப் போட்டா.”

“அப்பறம் நீ வந்தா யாருன்னு கேப்பேனா?”

“வணக்கம்னு சொல்லுவ.”

“அய்யய்ய. மரியாதையெல்லாம் வேற குடுப்பேனா?” கொஞ்சம் நிறுத்தி, “நல்லதாப் போச்சு போ. உன் ஹாஸ்டல் தண்ணிக் கதய இனிமே கேக்க வேணாம்,” என்றாள்.

நான் அப்படியே நின்றேன். ஒரு வார்த்தை, வேண்டாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொல்லுவாள் என்று எதிர்பார்த்தேன் போலிருக்கிறது.

“இருக்க விடுன்னு கேக்க மாட்டியா?”

“கெஞ்சறதுக்கு நீ சொல்லிக் குடுக்கலியே,” என்றாள். “கெளம்பு. கெழக்குச் செவுரு பாக்கி கீது.”

கிழக்குச் சுவரை முழுவதும் உரசி முடித்தேன். பிழை இல்லை. பிறகு படிவத்தைத் திறந்து கையெழுத்துப் போட்டேன். ‘காரணம்’ என்ற கட்டத்தில் ஆங்கிலத்தில் ஒரே வரி எழுதினேன். இந்தத் தடவை திரும்பப் படிக்கவில்லை.

மாலை நாலு மணிக்கு, நிஜ நாலு மணிக்கு, மீளூர் ஒரு நிமிடம் நின்றுபோய்த் திரும்ப ஓடியது. கவுண்டருக்குப் போனேன்.

“வணக்கம்,” என்றாள் நீலாயதாட்சி. “கப்பல் வராது. டிக்கெட் உண்டு.”

“பல்லி வந்திருக்கேன்.”

“மன்னிக்கவும், அப்படி யாரும் இந்த ஊரில் இல்லை.”

அடுத்த நான்கு வாரம் மைக்கை மூடிவிட்டுத் தட்டச்சு செய்தேன். ஒரு பிழையை நாலு தடவை படித்தேன். காண்ட்ராக்ட் முடிந்த அன்று நவநீதன் கீழ்த்தளம்வரை வந்து கை கொடுத்தார். வேறு யாருக்கும் நான் போவது தெரியாது.

கேம் பொங்கலுக்கு முந்தைய வாரம் வெளியானது. நான் ஹாஸ்டலில் வேலைக்கு மனுப் போட்டுக்கொண்டிருந்தேன். வாங்கக் கூடாது என்றுதான் இருந்தேன். மூன்றாம் நாள் நவநீதனிடமிருந்து செய்தி வந்தது: ‘மீளூரைப் பார்த்தாயா? ஊரே அதைத்தான் பேசுகிறது. இது பிழையா? பிழையென்றால் சரிசெய்ய வேண்டும். உன்னைத் தவிர யாருக்கும் தெரியாது.’

இணையத்தில் தேடினேன். ஆட்டக்காரர்கள் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். கடல் போன அன்று இந்த ஊர் மக்கள் ஏதோ பெரிய துக்கத்தைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் ஒருவர். தரையை நம்பாதவர்கள் இவர்கள், அது மறுபடி கடலாகிவிடும் என்று பயப்படுகிறார்கள் என்றார் இன்னொருவர். இப்படி ஒரு உலகத்தை யோசித்த கலைஞன் யார் என்று கேட்டு நானூறு பேர் எழுதியிருந்தார்கள்.

என்ன சொல்கிறார்கள் என்று புரியாமல் கேமை இறக்கினேன். புது ஆட்டக்காரியாக மீளூருக்குள் போனேன். நாலு மணி வெயில். தெரு நடுவில் ஒரு ஆள் இல்லை.

எல்லோரும் சுவரோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். வலைக்கடைக்காரர், விளக்கு துடைப்பவர், கூடையோடு போன ஒரு பெண், அத்தனை பேரும் இடது உள்ளங்கையைச் சுவரில் வைத்து, தோளால் உரசியபடி, நிதானமாக, ஒரு கல்லையும் விடாமல். நீலாயதாட்சி கவுண்டரைச் சாத்திவிட்டு வெளியே வந்தாள். கை சுவருக்குப் போனது. அப்படியே கிழக்குப் பக்கமாக நடந்து போனாள். பேச்சு ஒரு பெட்டி, நடை வேறு பெட்டி. கழுவியது பேச்சை மட்டும்தான். பதினோரு மாதம் அந்த ஊர் தினமும் பார்த்த ஒரே மனுஷ நடை என்னுடையது.

ரொம்ப நேரம் அவள் பின்னாலேயே போனேன். பிறகு நவநீதனுக்கு எழுதினேன்: ‘பிழை இல்லை. புகாரை மூடிவிடுங்கள்.’

போகிக்கு முந்தின நாள் அப்பா போன் செய்தார். எங்கள் வீட்டுக்கு வெள்ளையடித்துக்கொண்டிருந்தாராம். வாளியில் மட்டையை முக்கும் சத்தம் கேட்டது.

“மீளூருன்னு போட்டுப் பாத்தம்மா. நீ வேல செஞ்ச ஊரு. வந்துச்சு போன்ல.”

“பாத்தியாப்பா? அதுல யாராச்சும் ஏதாச்சும் பேசினாங்களா?”

“வணக்கம்னு சொன்னாங்கோ. கப்பலு வராதாம்.” சிரித்தார். பிறகு மட்டைச் சத்தம் நின்றது. “அந்த ஊருல அல்லாரும் செவுத்தத் தொட்டுக்கினே போறாங்கோ. கவனிச்சியா?”

“கவனிச்சேன்பா.”

“யாரும் ஒண்ணும் சொல்லல.”

 மட்டை மறுபடி வாளிக்குள் முங்கும் சத்தம் கேட்டது.

“நல்ல ஊராட்டம் கீதும்மா,” என்றார்.